லண்டனில் இருந்து போன பெல்ட்

மகனே,

நீ அனுப்பிய படம் வியாழக்கிழமை வந்தது. இந்தக் கடிதத்தில் நலம் விசாரிப்பு ஒன்றும் இல்லை. நீ எவ்வளவு நலமாக இருக்கிறாய் என்பது எனக்கு இப்போது தெரியும், நான் எப்படி இருக்கிறேன் என்பதை வாசித்து முடிக்கும்போது நீ தெரிந்துகொள்வாய். படத்தில் உன் பனிவண்டி நிற்கிறது. அதன் பின்னால் இரும்புத் தண்டில் கொளுவிய ஒரு சறுக்குப் பெட்டி. சிவப்புப் பெயின்ட் அடித்து, உள்ளே என் பேத்தியின் போர்வையை விரித்து வைத்திருக்கிறாய். "நத்தார்ப் பண்டிகைக்கு ஏரி உறைந்ததும் மூன்று பேருமாக மறுகரைக் குடிலுக்குப் போகிறோம், பிள்ளைக்கு இதுதான் வாகனம்" என்று படத்தின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறாய். உன் அப்பா அதைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் சாமிப் படங்களுக்குப் பக்கத்தில் நிறுத்தி வைத்தார். நான் எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுப் பூட்டினேன்.

ஏன் இந்தக் கோபம் என்று கேட்பாய். போன மாதம் ஈஸ்ட் ஹாமில் ஒரு பெண்பிள்ளையின் சாமத்தியச் சடங்கு. சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் உன் மனைவி சுகந்தியின் சித்தி. ரொறன்ரோவில் இருந்து அந்த விழாவுக்கென்றே வந்திருந்தார். சம்பந்தப் பகுதி ஆயிற்றே என்று நான்தான் வலியப் பேச்சுக் கொடுத்தேன். அவர் தட்டில் கத்தரிக்காயைப் போட்டுக்கொண்டே, "தம்பியின்ரை கால் இப்ப எப்பிடி அக்கா?" என்று கேட்டார். "வேலையிலை பெட்டி விழுந்த காயம்தானே, அது எப்பவோ மாறீட்டுது" என்றேன். அவர் கரண்டியைப் பிடித்தபடி என்னைப் பார்த்தார். "பெட்டியோ? ஏரிக்கு நடுவிலை மெசின் நிண்டு, மூண்டு மணித்தியாலம் நடந்து வந்தவையெல்லே. சுகந்தி அப்ப நாலு மாசம். தம்பிக்கு ரெண்டு விரல் எடுத்தது அந்தக் குளிராலைதானே. உங்களுக்குச் சொல்லேல்லையே?" அதோடு விடாமல் இன்னொன்றையும் சொன்னார். "பெல்ட் அறுந்ததாலை வந்த வினையாம் அக்கா. லண்டனிலை இருந்து ஆரோ அனுப்பின பெல்ட்டாம்."

அந்த ஆரோ நான்தான். தட்டை வைத்துவிட்டு வெளியே வந்து பஸ் நிறுத்தத்தில் இருந்தேன். உன் அப்பா தேடிக்கொண்டு வந்து, "இஞ்சாரும், ஏன் குளிருக்கை வந்து இருக்கிறீர்?" என்று கேட்டார். என் மனதில் இருந்தது வெட்கமா, பயமா, ஆத்திரமா என்று அந்த நேரம் பிரித்துப் பார்க்க முடியவில்லை. இப்போது முடிகிறது. ஆத்திரம்தான். ஒன்பது மாதமாக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் தொலைபேசியில் என்னோடு பேசியிருக்கிறாய். கால் எப்படி என்று கேட்டபோதெல்லாம் "சுகம் அம்மா" என்றாய். நான் அனுப்பிய பெல்ட் எப்படி ஓடுகிறது என்று ஒருமுறை பெருமையோடு கேட்டேன். "அச்சொட்டாப் பொருந்தினது" என்றாய். அந்தச் சொல் உன் வாயில் இருந்து வந்தபோது உன் இடது காலில் இரண்டு விரல் இல்லை. அறுபதை எட்டிப் பிடிக்கும் ஒரு மனுசியைச் சின்னப் பிள்ளைபோல வைத்து ஏமாற்றியிருக்கிறாய். அந்த இரக்கத்தை உன்னிடம் யார் கேட்டது?

இனி என் பக்கத்தையும் சொல்கிறேன், இதுவும் உனக்கு முழுதாகத் தெரியாது. மிச்சம் நகரில் முதலாளி ரொன்னுடைய உதிரிப்பாகக் கடையில் நான் கவுண்டரில் நிற்கத் தொடங்கி ஒன்பது வருடம். முதல் கிழமை பிளக் எது, பில்டர் எது என்றே தெரியாமல் நின்றவள். இப்போது புல்வெட்டியோ மரம் அறுக்கும் வாளோ, சத்தத்தை வாயால் செய்து காட்டினாலே என்ன பழுது என்று சொல்லிவிடுவேன். கோலியர்ஸ் வுட்டில் இருந்து பஸ் ஏறி வரும் கிழவர்கள் கூட ரொன்னை விட்டுவிட்டு என்னைத்தான் கேட்பார்கள். அந்தக் கடையில் நான் வைத்த சட்டம் ஒன்று இருக்கிறது. இயந்திரத்தின் மொடல் நம்பர் இல்லாமல் வருகிற ஆளுக்குப் பெல்ட் இல்லை. அறுந்த பெல்ட்டைக் கையில் கொண்டுவந்து, "இதே போல ஒன்று தாருங்கள்" என்று நிற்பார்கள். தரமாட்டேன். அகலமும் நீளமும் ஒன்றாக இருக்கலாம், பக்கச் சரிவு வேறாக இருக்கும், உள்ளே இருக்கிற நூல் வேறாக இருக்கும், போட்டால் வழுக்கிச் சூடாகி ஒருநாள் பிய்ந்துபோகும், வீட்டுக்குப் போய் நம்பரைப் பார்த்துக்கொண்டு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவேன். ஒருவர் கோபத்தில் என்னைத் திட்டிக்கூட இருக்கிறார். நான் அசையவில்லை.

அப்படிப்பட்டவள் உனக்கு என்ன செய்தேன் தெரியுமா? போன வருடம் மார்கழியில் நீ பேசும்போது, "பனிவண்டியின்ரை பெல்ட் தேய்ஞ்சு போச்சு அம்மா, இஞ்சை சொல்லிவிட்டால் வர மூண்டு கிழமை எடுக்கும்" என்றாய். சும்மா ஊர்ப்புதினம் சொல்வதுபோலத்தான் சொன்னாய். நான்தான் அகலம் எவ்வளவு, நீளம் எவ்வளவு என்று துருவித் துருவிக் கேட்டு எழுதிக்கொண்டேன். அடுத்த கிழமை கடைக்கு ஒரு பெல்ட் திரும்பி வந்தது. மேலுறை இல்லை, எதற்கு உரியது என்று எழுதியும் இல்லை. வாங்கியவர் தனக்குச் சரிவரவில்லை என்று வைத்துவிட்டுப் போய்விட்டார். ரொன் அதைக் குப்பையில் போடச் சொன்னார். நான் என் கைப்பையில் இருந்த தையல் நாடாவை எடுத்து அளந்தேன். அகலம் ஒன்றேகால் அங்குலம், நீ சொன்ன அதே அளவு. நீளமும் சரி. கடவுளே கொண்டுவந்து தந்ததுபோல இருந்தது. ரொன் பார்த்துக்கொண்டு நின்றார். "நீ ஆட்களுக்குச் சொல்வதை நான் உனக்குச் சொல்ல வேண்டுமா?" என்று கேட்டார். கேட்காதது மாதிரி பைக்குள் வைத்தேன்.

அதை அரைத்த மிளகாய்த்தூளுக்கும் பருத்தித்துறை வடைக்கும் நடுவில், என் பழைய உள்பாவாடையில் சுற்றி, ரொறன்ரோவுக்குக் கலியாணத்துக்குப் போன ஓர் ஆளிடம் கொடுத்துவிட்டேன். எங்கள் ஆட்கள் எல்லோரும் செய்வதுதான். யார் பிளேன் ஏறினாலும் அவர்கள் பெட்டியில் நம்முடைய பொதி ஒன்று இருக்க வேண்டும். அங்கே எல்லாம் கிடைக்கும் என்று தெரிந்தும் அனுப்புவோம், கிடைக்கும் என்று யாராவது சொன்னால் கோபித்துக்கொள்வோம். ரொறன்ரோவுக்கு வடக்கே, வருடத்தில் பாதி பனிக்குள் கிடக்கிற ஓர் ஊரில் ஒற்றைப் பிள்ளை இருக்கிறான், அவனுக்கு என் கையால் இன்னும் ஏதோ ஒன்று தேவைப்படுகிறது என்ற நினைப்பு எனக்கு வேண்டியிருந்தது. உண்மையைச் சொன்னால் அந்தப் பெல்ட் உன் வண்டிக்காகப் போகவில்லை, எனக்காகத்தான் போனது. மற்றவன் பிள்ளைக்கு நம்பர் கேட்டேன், என் பிள்ளைக்குத் தையல் நாடா பிடித்தேன். இதைவிடப் பெரிய பிழையை நான் செய்தது இல்லை, அதைக் குறைத்துச் சொல்லவும் போவதில்லை.

ஆனால் நீ? நீ சுரங்கக் கம்பனியில் எஞ்சினியர். கப்பிகளும் பட்டிகளும் உனக்குச் சோறு போடுகின்றன. வேகம் கூடும்போது ஒரு கப்பி இறுகி மற்றக் கப்பி விரியும், பெல்ட் அதில் ஏறி இறங்கும், அதனால் இந்த வண்டிக்குக் கியர் இல்லை என்று எனக்குப் படம் கீறி எழுதியவனே நீதான். அந்தப் பெல்ட்டைக் கையில் எடுத்தவுடனேயே உனக்குத் தெரிந்திருக்கும். தெரிந்ததா இல்லையா என்று நான் ஊகிக்கத் தேவையில்லை. ஈஸ்ட் ஹாமில் இருந்து வந்த மறுநாள் சுகந்தியைக் கூப்பிட்டுக் கேட்டேன், நீ வேலையில் நின்ற நேரம் பார்த்து. பிள்ளை முதலில் மழுப்பினாள். "மாமி, உங்களுக்குக் கவலை வரக்கூடாதெண்டுதான் அவர் சொல்லேல்லை" என்றாள். நான் விடவில்லை. பிறகு அழுதுகொண்டு சொன்னாள். "பெல்ட்டைப் பாத்திட்டு, இது சரிவராது எண்டு அவர்தான் சொன்னவர் மாமி. பிறகு, அம்மா அவ்வளவு தூரத்திலை இருந்து அனுப்பினது, ஒருக்காப் போட்டு ஓடீட்டு, ஓடினது எண்டு அவவுக்குச் சொல்லவேணும் எண்டு போட்டவர்."

அந்த ஒரு வரியைக் கேட்ட பிறகு எனக்கு உன்மேல் வந்த கோபத்துக்கு இன்னும் அளவு தெரியவில்லை. அம்மா அனுப்பிய வடை பழுதாகிப்போனால் எறிந்துவிட்டு, நல்லாயிருந்தது என்று சொல்லு. அம்மா அனுப்பிய சேட்டுப் பிடிக்காவிட்டால் அலுமாரியில் போட்டுவிட்டு, போடுகிறேன் என்று சொல்லு. அதெல்லாம் எல்லாப் பிள்ளைகளும் சொல்கிற பொய். ஆனால் உறைந்த ஏரிக்கு மேலே, நாலு மாதக் கர்ப்பிணியைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, சரிவராது என்று தெரிந்த பெல்ட்டில் ஓடுகிறவனுக்கு என்ன பெயர்? அதுவும் தேய்ந்த பழைய பெல்ட்டைக் கராஜில் ஆணியில் தொங்கவிட்டுவிட்டு. அதையாவது இருக்கைக்குக் கீழே போட்டிருந்தால் மெதுவாக ஓட்டிக்கொண்டு கரைக்கு வந்திருக்கலாம். ஒரு புல்வெட்டி நின்றால் அதன் சொந்தக்காரன் வீட்டுக்குள் போய்த் தேநீர் குடிப்பான். நீ எங்கே போயிருப்பாய்?

எங்கே போனாய் என்பதையும் சுகந்தி சொன்னாள். கரையில் இருந்து ஏழு கிலோமீற்றரில் ரப்பர் எரியும் மணம் வந்ததாம். பிறகு ஒரு வெடிச் சத்தம். மூடியைத் திறந்தால் பெல்ட் நார்நாராகக் கிழிந்து, உள்ளிருந்த நூல் எல்லாம் கப்பியைச் சுற்றி இறுகிக் கிடந்ததாம். நீ கத்தியால் வெட்டி எடுத்தாயாம், அதற்குள் பொழுது சாயத் தொடங்கிவிட்டதாம். நடக்கத் தொடங்கிய பிறகு, பனிக்குக் கீழே ஐஸுக்கு மேலே தண்ணீர் நிற்கிற இடம் ஒன்றில் அவளுடைய சப்பாத்து இரண்டும் நனைந்துபோயினவாம். நீ உன்னுடைய சப்பாத்தையும் உள்ளே போட்டிருந்த கம்பளி உறையையும் கழற்றி அவளுக்குப் போட்டுவிட்டு, அவளுடைய ஈரச் சப்பாத்துக்குள் உன் காலைத் திணித்துக்கொண்டு நடந்தாயாம். அங்கேதான் போயின உன் இரண்டு விரலும். நீ அப்படிச் செய்தாய் என்று கேட்டு நான் பெருமைப்படவில்லை என்று சொன்னால் பொய். பெருமைப்பட்டேன். அழுதேன். பிறகு, அந்தத் தியாகத்துக்கே தேவை இல்லாமல் வீட்டில் இருந்திருக்கலாமே என்று திரும்பவும் ஆத்திரம் வந்தது. கடைசியாக வந்ததுதான் இன்னும் நிற்கிறது.

இந்தக் குணம் உனக்கு எங்கே இருந்து வந்தது என்று தேடி எங்கும் போகத் தேவையில்லை. உனக்குப் பதினைந்து வயது. நாங்கள் லண்டனுக்கு வந்து இரண்டாவது குளிர்காலம். உன் அப்பாவின் பழைய வான் வண்டியில் ஒரு கலியாணத்துக்குப் போகும்போது வழியில் விசிறிப் பெல்ட் அறுந்தது. உன் அப்பா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு என்னிடம் வந்து, "உம்மடை ஸ்டொக்கிங்ஸைக் கழட்டித் தாரும்" என்றார். குளிருக்குப் பயந்து காஞ்சிபுரத்துக்குக் கீழே நான் அந்த நீண்ட நைலோன் காலுறையைப் போட்டிருந்தது அவருக்குத் தெரியும். நீ பின்சீற்றில் இருந்து விழுந்து விழுந்து சிரித்தாய். அவர் அதை முறுக்கி முடிந்து கட்டினார், வான் மண்டபம்வரை ஓடியது. அன்றைக்கு மாப்பிள்ளை பொம்பிளையை விட என் ஸ்டொக்கிங்ஸைப் பற்றித்தான் ஊர் பேசியது. இன்றுவரை எந்தக் கொண்டாட்டத்திலும் யாராவது அதைச் சொல்லாமல் விடுவதில்லை. "எங்கடை ஆக்கள் ஊரிலை மண்ணெண்ணெயிலை மோட்டார் சைக்கிள் ஓடினவை, எங்களுக்கு இதென்ன?" என்று உன் அப்பா முடித்து வைப்பார்.

அந்தக் கதையின் மற்றப் பாதியை நாங்கள் ஒருவரும் சொல்வதில்லை. திரும்பி வரும்போது அந்த முடிச்சு அவிழ்ந்து, எஞ்சின் கொதித்து, அதன் தலைப்பகுதி வளைந்து, வான் செத்தது. பிறகு அது ஓடவே இல்லை. நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் நின்றோம். நான் சேலையும் வெறுங்காலில் செருப்புமாக நின்றேன், ஸ்டொக்கிங்ஸ் எஞ்சினுக்குள் போய்விட்டதே. உனக்கு அன்றைக்கே காய்ச்சல் தொடங்கி நெஞ்சுச் சளியில் போய் முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஒன்பது நாள் கிடந்தாய். அதை நீ வேறொரு சம்பவமாக நினைத்துக்கொண்டிருப்பாய், இரண்டையும் நாங்கள் உனக்குச் சேர்த்துச் சொல்லவே இல்லையே. சிரிப்பு வருகிற இடத்தில் நிறுத்திப் பழகிவிட்டோம். ஊரில் மண்ணெண்ணெயில் ஓடியவர்களுக்கும் வேறு வழி இருக்கவில்லை. யுத்த காலம், பெற்றோல் வரவிடாமல் தடுத்திருந்தார்கள், ஆஸ்பத்திரிக்கு ஆளைக் கொண்டுபோக வேண்டியிருந்தது, ஓடினார்கள். புகை குடித்து எத்தனை எஞ்சின் பழுதானது, எத்தனை பேர் நடுரோட்டில் நின்றார்கள் என்று எந்த மண்டபத்திலும் யாரும் சொன்னதில்லை. தட்டுப்பாட்டில் சமாளித்ததை ஒரு சாமர்த்தியமாக்கி உனக்கு ஊட்டி வளர்த்தோம். உனக்குத் தட்டுப்பாடு இல்லை மகனே. மூன்று கிழமை பொறுத்திருந்தால் சரியான பெல்ட் உன் வாசலுக்கு வந்திருக்கும்.

வண்டியே பிடிக்காத ஒரு தாய் புலம்புகிறாள் என்று மட்டும் நினைத்துவிடாதே. உன் கலியாணத்துக்கு வந்தபோது நீ என்னை ஏற்றிக்கொண்டு ஓடியது எனக்கு நேற்றுப்போல இருக்கிறது. சுகந்தியின் பனி உடுப்புக்குள் சேலையைச் சுருட்டித் திணித்து, தலைக்கவசம் போட்டு, உன் இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இருந்தேன். முதல் ஐந்து நிமிடம் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தபோது, பார்க்கிற இடமெல்லாம் வெள்ளை, ஒரு குருவி கூட இல்லை, சறுக்குக்குக் கீழே பனி மாவு மாதிரித் தெறித்துக்கொண்டு போனது. லண்டனில் இத்தனை வருடமாக பஸ்ஸில் தோளைக் குறுக்கிக்கொண்டு இருந்து பழகிய உடம்பு அன்றைக்குத்தான் நிமிர்ந்தது. "இன்னும் விடு" என்று உன் முதுகில் தட்டினேன். நீ சிரித்தது எஞ்சின் சத்தத்துக்குள்ளும் எனக்குக் கேட்டது. அதனால்தான் நான் உன்னை ஓடாதே என்று சொல்லவில்லை. அந்தச் சந்தோசம் என்ன என்று தெரிந்தவள்தான் சொல்கிறேன்.

ஓடுவதென்றால் ஒழுங்காக ஓடு. பெல்ட்டை அந்த வண்டிக்கு உரிய நம்பரைச் சொல்லி வாங்கு, இரண்டாக வாங்கு, ஒன்று வண்டியில் இருக்கட்டும், மற்றது இருக்கைக்குக் கீழே. அதை மாற்றும் சாவியும் அங்கேயே இருக்க வேண்டும். கையுறையோடு உன்னால் மாற்ற முடிகிறதா என்று கராஜுக்கு வெளியே குளிரில் நின்று செய்து பார். பிளக் இரண்டு எப்போதும் சட்டைப் பைக்குள் இருக்கட்டும், கரி பிடித்த பிளக்கைச் சுரண்டிப் போடுகிற கெட்டித்தனம் வேண்டாம். எண்ணெய் தானாகக் கலக்கும் வண்டி என்று தாங்கியைத் திறந்து பார்க்காமல் ஓடி எஞ்சினை இறுக்கிக்கொண்டு வந்து என் முன்னால் நின்ற ஆட்களை எனக்குத் தெரியும், ஒவ்வொரு முறையும் திறந்து பார். போன வருடப் பெற்றோல் உள்ளே கிடந்தால் காபரேற்றரில் பிசின் பிடித்திருக்கும், அதைக் கழற்றிக் கழுவு. எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று கரையில் ஒரு ஆளுக்குச் சொல்லாமல் ஏரியில் இறங்காதே. தனி வண்டியில் போகாதே, உன் வேலைத்தள நண்பனின் குடில்தானே அது, அவனையும் அவன் வண்டியில் வரச் சொல்லு. பனிக்குக் கீழே தண்ணீர் கண்டால் அங்கே வண்டியை நிறுத்தாதே என்று எனக்குச் சொன்னவன் நீ. நடக்கும்போதும் அது உனக்கு நினைவிருக்கட்டும்.

உன் படத்தைப் பூட்டி வைத்த அன்றிரவுதான் உன் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "விடும், பெடியன் தப்பீட்டான்தானே" என்றார். அதற்குப் பிறகு மூன்று நாள் நான் அவரோடு பேசவில்லை. நாலாம் நாள் பெற்றோல் ஸ்டேசன் ஷிப்ட் முடிந்து வந்தவர், சப்பாத்தைக் கழற்றாமல் படியில் இருந்துகொண்டு, "அண்டைக்கு வான் நிண்டதுக்கும் அவன்ரை காய்ச்சலுக்கும் நான்தான் பொறுப்பு. அதை அவனுக்கும் எழுதும்" என்றார். எழுதிவிட்டேன். இவ்வளவு காலத்தில் அந்த மனுசன் அதைச் சொன்னது இதுதான் முதல் தடவை.

நத்தாருக்கு இரண்டு கிழமை முன்னால் நான் வருகிறேன். ரொன்னிடம் லீவு கேட்டு டிக்கெட்டும் எடுத்தாயிற்று. இந்த முறை என் பெட்டியில் பொதி எதுவும் இராது. ஏரி உறையும்வரை உன் வீட்டில் காத்திருப்பேன். உறைந்ததும் வண்டியின் மூடியைத் திறந்து எனக்குக் காட்டு, பெல்ட்டின் நம்பரை நான் என் கண்ணால் வாசிப்பேன். பிறகு நீ சிவப்புப் பெயின்ட் அடித்த அந்தப் பெட்டிக்குள் முதலில் நான் ஏறி இருப்பேன். "நீங்கள் பாரம், பெட்டி தாங்காது" என்று கதை விடாதே, என்னைத் தாங்காத பெட்டி என் பேத்திக்கும் வேண்டாம். என்னை மறுகரைக்கு இழுத்துக்கொண்டு போய்த் திருப்பி இழுத்துக்கொண்டு வா. போகும்போது அந்த இடம் வரும், நீ வண்டியைத் திறந்து நூலை வெட்டிய இடம். எனக்கு அது தெரியாது, உனக்குத் தெரியும். அங்கே உனக்கு மேலே ஓட மனம் வராவிட்டால் நிறுத்து. நிறுத்தி, ஏன் என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. "நீங்கள் அனுப்பின பெல்ட்டாலை நாங்கள் மூண்டு பேரும் செத்திருப்பம் அம்மா" என்று சொல்லு. ஒன்பது மாதமாக அந்தப் பாரத்தை நீ தனியே தூக்கிக்கொண்டு திரிகிறாய். அது என்னுடையது, என்னிடம் தா.

அம்மா